பழைய சூப்பர் கார்கள்: விலை இறங்கும், பராமரிப்புச் செலவு ஏன் இறங்குவதில்லை?

புதிதாக வாங்கிய நாளில் ஒரு வீட்டின் விலைக்கு நிகராக இருந்த ஸ்போர்ட்ஸ் கார், பத்துப் பதினைந்து ஆண்டுகள் கழிந்தபின் நல்ல வசதியுள்ள ஒரு குடும்பக் காரின் விலைக்கே சந்தையில் கிடைப்பது உண்டு. ஃபெராரி, லம்போர்கினி, மசராட்டி, ஆஸ்டன் மார்ட்டின் எனப் பெயரைக் கேட்டாலே திரும்பிப் பார்க்கவைக்கும் நிறுவனங்களின் கார்களும் இதற்கு விலக்கல்ல. ஆனால் அந்தக் காருக்கு வேண்டிய பிரேக் டிஸ்க், கிளட்ச், ரேடியேட்டர் ஆகியவற்றின் விலையும், அவற்றைக் கழற்றி மாட்டத் தெரிந்த மெக்கானிக்கின் கூலியும் காரின் விலையோடு சேர்ந்து இறங்குவதில்லை. முதல் உரிமையாளர் என்ன வசதியில் இருந்தாரோ அந்த வசதிக்கு ஏற்ற செலவுதான் மூன்றாவது, நான்காவது உரிமையாளரிடமும் கேட்கப்படுகிறது.

இதைப் பற்றிப் பேசும்போது இரண்டு கேள்விகள் ஒன்றாகக் குழப்பிக்கொள்ளப்படுகின்றன. கார் எத்தனை முறை பழுதாகும் என்பது ஒன்று. பழுதாகாமல் வைத்திருக்க எவ்வளவு செலவாகும் என்பது மற்றொன்று. இந்தக் கார்களில் பலவற்றின் எஞ்சின்கள், ஒழுங்காகப் பராமரிக்கப்பட்டால், நடுவழியில் நிற்கும் ரகத்தைச் சேர்ந்தவை அல்ல. அந்த ‘ஒழுங்கான’ பராமரிப்பின் அளவும் விலையும்தான் சாதாரணக் காரிலிருந்து வேறுபடுகின்றன. நம்பகமில்லாத கார் எனப் பெயரெடுத்த பல மாதிரிகளின் வரலாற்றை அவிழ்த்துப் பார்த்தால், வடிவமைப்புக் குறையைவிட, தள்ளிப்போடப்பட்ட சர்வீஸ்களே அதிகம் தென்படும் என்பது என் கருத்து.

செலவின் முதல் காரணம் எஞ்சின் இருக்கும் இடம். எடைப் பங்கீட்டுக்காக இருக்கைகளுக்குப் பின்னால், பின் சக்கரங்களுக்கு முன்னால் எஞ்சினை வைப்பது ஓட்டும் சுகத்துக்கு நல்லது. அதைத் தொட்டு வேலை செய்ய வேண்டியவருக்குத் தண்டனை. 1994 முதல் 1999 வரை தயாரிக்கப்பட்ட ஃபெராரி எஃப்355 இதற்குச் சரியான எடுத்துக்காட்டு. அதன் 3.5 லிட்டர் வி8 (எட்டு சிலிண்டர்) எஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஐந்து வால்வுகள் வீதம் மொத்தம் 40 வால்வுகள் உள்ளன. அவற்றை இயக்கும் கேம்ஷாஃப்ட்டுகளைச் சுழற்றுவது ரப்பர் டைமிங் பெல்ட். அந்தப் பெல்ட் இருக்கும் முன்பக்கம், இருக்கைகளுக்குப் பின்னாலுள்ள தடுப்புச் சுவரை ஒட்டி அமைந்திருப்பதால், மேலிருந்தோ பக்கவாட்டிலிருந்தோ கையை விட இடமில்லை. ஆகவே எஞ்சின், கியர்பாக்ஸ், அவற்றைத் தாங்கும் பின்புறச் சட்டம் மூன்றையும் சேர்த்துக் கீழே இறக்கிவிட்டு வேலை செய்வதே வழக்கமான முறை. பெல்ட்டின் விலை மொத்தப் பில்லில் ஒரு சிறு பகுதிதான். மிச்சமெல்லாம் அதைச் சென்றடைவதற்கான கூலி.

பெல்ட் அறுந்தால் என்ன ஆகும் என்பதையும் சொல்ல வேண்டும். இத்தகைய எஞ்சின்களில் வால்வுகளும் பிஸ்டன்களும் ஒரே இடத்தை வெவ்வேறு கணத்தில் பயன்படுத்திக்கொள்கின்றன. அந்தக் கணக்கைக் காப்பது பெல்ட். அது அறுந்தாலோ ஓரிரு பற்கள் தாண்டினாலோ பிஸ்டன் வந்து வால்வில் மோதும். பிறகு பேச்சு பெல்ட்டைப் பற்றியல்ல, எஞ்சினைப் பிரித்துக் கட்டுவதைப் பற்றி. எனவே இந்தச் சர்வீஸைத் தள்ளிப்போட்டு மிச்சம்பிடிப்பது உண்மையில் மிச்சமே அல்ல.

எஞ்சினை இறக்கியபின் இன்னொரு செலவு தானாக வந்து சேர்கிறது. இறக்கியது இறக்கியாகிவிட்டது, கையோடு கிளட்ச்சையும் பார்த்துவிடலாம். வாட்டர் பம்ப்பை மாற்றிவிடலாம். பெல்ட்டை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனர் பேரிங், எண்ணெய் கசியும் சீல்கள், இறுகிப்போன கூலன்ட் குழாய்கள், எல்லாம் இப்போதே செய்தால் கூலி மிச்சம். இந்த வாதம் ஏமாற்று அல்ல, பெரும்பாலும் சரியானதே. ஆனால் பெல்ட் சர்வீஸுக்கு ஒதுக்கிய தொகை இரண்டு மூன்று மடங்காக வளர்வது பெரும்பாலும் இந்த ‘கையோடு’ என்ற ஒரு சொல்லால்தான். எஃப்355க்கே உரிய இரண்டு குறைகளும் இங்கே கணக்கில் சேரும். எஞ்சினின் புகையை வெளியே கொண்டுசெல்லும் அதன் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுகள் வெப்பத்தில் விரிசல் விடும். தொடக்க கால கார்களில், வால்வின் தண்டு நேராக நகர வழிகாட்டும் வெண்கல வால்வு கைடுகள் தேய்ந்துபோகும். கைடுகளை மாற்ற எஞ்சினின் மேற்பகுதியான சிலிண்டர் ஹெட்டையே கழற்ற வேண்டும்.

ஃபெராரி இதை அறியாமல் இல்லை. 1999இல் வந்த 360 மொடேனாவில், இருக்கைகளுக்குப் பின்னால் ஒரு திறப்பு வைக்கப்பட்டதால் எஞ்சினை இறக்காமலே பெல்ட்டை மாற்ற முடிந்தது. அதற்கடுத்து 2004இல் வந்த எஃப்430இல் பெல்ட்டே இல்லை. அதன் கேம்ஷாஃப்ட்டுகளைச் சங்கிலி சுழற்றுகிறது. வெளித்தோற்றத்திலும் ஓட்டும் அனுபவத்திலும் அடுத்தடுத்த தலைமுறைகளாகத் தெரியும் இந்த மூன்று கார்களும் பராமரிப்புச் செலவில் மூன்று வெவ்வேறு உலகங்கள். எஞ்சின் முன்னால் உள்ள 550 மரனெல்லோவில் பன்னிரண்டு சிலிண்டர்கள் இருந்தும், முன்புறமிருந்தே பெல்ட்டை எட்டிவிடலாம். சிலிண்டர் எண்ணிக்கையைப் பார்த்துச் செலவை ஊகிப்பவர்கள் இங்கே தவறிப்போகிறார்கள். கை நுழைய இடம் உண்டா என்பதே முந்திக் கேட்க வேண்டிய கேள்வி.

இரண்டாவது காரணம் காலம். சாதாரணக் கார் கிலோமீட்டரால் தேய்கிறது. இந்தக் கார்கள் பெரும்பாலும் ஆண்டுகளால் தேய்கின்றன. ஆண்டுக்குச் சில நூறு கிலோமீட்டர் மட்டுமே ஓடி, மீதி நாட்களெல்லாம் போர்வைக்குள் நின்ற காரை விற்பவர், ஓடோமீட்டரைக் காட்டிப் பெருமையாகப் பேசுவார். வாங்குபவரும் மயங்குவார். ஆனால் டைமிங் பெல்ட்டின் ரப்பர் ஓடினாலும் ஓடாவிட்டாலும் முதுமையடைகிறது. அதனால்தான் பழைய ஃபெராரிகளுக்கு, ஓடிய தூரம் எவ்வளவாக இருந்தாலும், மூன்று முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை பெல்ட் மாற்றச் சொல்கிறார்கள். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி, கொதிநிலை குறைந்து, உள்ளிருந்து துருவையும் ஏற்றுகிறது. எண்ணெய் படாமல் நிற்கும் சீல்கள் காய்ந்து சுருங்குகின்றன. தொட்டியில் தேங்கிய பெட்ரோல் பிசினாக மாறி, எரிபொருளைத் தெளிக்கும் இன்ஜெக்டர்களை அடைக்கிறது. எரிபொருள் குழாய்களின் ரப்பர் வெடித்தால் விளைவு செலவோடு நிற்பதில்லை; சூடான எஞ்சினின் மேல் பெட்ரோல் கசிந்து தீப்பிடித்த பழைய ஸ்போர்ட்ஸ் கார்களின் கதைகள் எல்லா நாடுகளிலும் உண்டு.

டயரைக் கவனியுங்கள். பக்கச் சுவரில் நான்கு இலக்க எண் ஒன்று அச்சிடப்பட்டிருக்கும். 2318 என்றிருந்தால் 2018ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்யப்பட்ட டயர் என்று பொருள். பட்டை முழு ஆழத்தோடு பளிச்சென்று இருக்கும் டயர் பத்து ஆண்டுகளுக்கு முந்தையதாக இருக்கலாம். இறுகிப்போன அந்த ரப்பரை நம்பி 400 குதிரைத்திறன் காரின் ஆக்சிலரேட்டரை மிதிப்பது விபரீதம். மாற்றலாம் என்றாலோ, சில கார்களுக்கு அளவே கிடைப்பதில்லை. லம்போர்கினி கௌன்டாச்சின் பிற்கால மாதிரிகளில் பின்சக்கரத்துக்கு 345/35 ஆர்15 என்ற அளவு வேண்டும். 15 அங்குல ரிம்முக்கு அவ்வளவு அகலமான டயர் இன்றைய கார் எதற்கும் தேவையில்லாததால், பிரெல்லி நிறுவனம் பழங்கார்களுக்கென்றே அந்த அளவைத் தனியாகத் தயாரிக்கிறது.

பந்தயக் காரிலிருந்து வந்த தொழில்நுட்பங்களில் இந்தக் காலக்கெடு இன்னும் கறாரானது. ஃபெராரி எஃப்40இன் பெட்ரோல் தொட்டி உலோகப் பெட்டியல்ல, பந்தயக் கார்களில் உள்ளது போன்ற ரப்பர் பை. அதற்கு ஆயுள் வரம்பு உண்டு, அது கடந்தால் மாற்றியே ஆக வேண்டும். மொத்தமே 106 மட்டும் கட்டப்பட்ட மெக்லாரன் எஃப்1இல் அந்தப் பையை ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். அதற்கு எஞ்சினை இறக்க வேண்டும். காரை ஓட்டவே இல்லை என்று சொல்லி இந்தச் செலவிலிருந்து தப்ப வழியில்லை.

மின்னணுப் பகுதிகள் முதுமையடைவது வேறு விதம். 1990களின் கார்களில் கணினிப் பெட்டிகள் ஏற்கெனவே வந்துவிட்டன. ஆனால் அவற்றைப் பழுதுபார்க்கும் கருவிகள் காலாவதியாகிவிட்டன. மெக்லாரன் எஃப்1ஐப் பரிசோதிக்க அந்நிறுவனம் நெடுங்காலம் காம்பேக் எல்டிஇ 5280 என்ற 1990களின் மடிக்கணினியை வைத்துக்கொண்டிருந்தது 2016இல் செய்தியானது. காரோடு பேசும் மென்பொருள் அந்தக் கணினியில்தான் ஓடியது. இதைவிட எளிய தொல்லைகளும் உண்டு. 348, எஃப்355, 360 ஆகிய ஃபெராரிகளில் ‘ஸ்லோ டவுன்’ என்ற எச்சரிக்கை விளக்கு எரிந்தால், புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் அளவுக்கு மீறிச் சூடாகிவிட்டது என்று பொருள். பல நேரங்களில் சூடேறியிருப்பது எதுவுமில்லை. வெப்பத்தை அளக்கும் சென்சாரோ அதன் சிறு கணினியோதான் கெட்டிருக்கும். ஆனால் ஒருநாள் உண்மையாகவே சூடேறலாம் என்பதால் அந்த விளக்கை அலட்சியம் செய்யவும் முடியாது. அக்காலத்து ஃபெராரிகளின் உட்புற பொத்தான்கள்மேல் பூசப்பட்ட மென்பூச்சு, ஆண்டுகள் செல்லச் செல்ல வெல்லப்பாகு போல் ஒட்டத் தொடங்குவதும் எல்லோரும் அறிந்ததே. கார் ஓடுவதற்கு இது தடையல்ல. ஆனால் ஒவ்வொரு பொத்தானையும் கழற்றி, சுரண்டி, மீண்டும் பூசுவதற்கென்றே தொழில் நடத்துபவர்கள் இருக்கிறார்கள்.

கியர்பாக்ஸ் தனியே பேச வேண்டிய விஷயம். 1997இல் எஃப்355இல் ஃபெராரி அறிமுகப்படுத்திய ‘எஃப்1’ கியர் முறையும், 2003இல் வந்த லம்போர்கினி கலார்டோவின் ‘இ-கியர்’ முறையும் இன்றைய இரட்டைக் கிளட்ச் தானியங்கி கியர்பாக்ஸுகள் அல்ல. உள்ளே இருப்பது வழக்கமான கியர்பாக்ஸும் ஒற்றைக் கிளட்ச்சும்தான். ஓட்டுநரின் இடக்கால் செய்ய வேண்டியதை ஹைட்ராலிக் பம்ப்பும் வால்வுகளும் செய்கின்றன. நெடுஞ்சாலையில் இது நன்றாகவே வேலை செய்யும். நெரிசலில் ஊர்ந்து செல்லும்போதும், மேட்டில் பின்னோக்கி எடுத்துக் காரை நிறுத்தும்போதும் கணினி கிளட்ச்சைப் பாதி அழுத்திய நிலையிலேயே வைத்திருப்பதால் அது எரிந்து தேய்கிறது. ஒரே மாதிரிக் கார், ஒரே ஆண்டுத் தயாரிப்பு, ஆனால் ஒருவரிடம் கிளட்ச் பல ஆண்டுகள் உழைக்கும், இன்னொருவரிடம் சில ஆயிரம் கிலோமீட்டரிலேயே போய்விடும். நல்லவேளையாக, கண்டறியும் கருவியைப் பொருத்தினால் கிளட்ச் எத்தனை விழுக்காடு தேய்ந்திருக்கிறது என்பதை இக்கார்கள் காட்டிவிடும். வாங்கும் முன் அந்த அறிக்கையைக் கேட்காதவர், வாங்கியபின் வருந்துவார். காலால் கிளட்ச் மிதிக்கும் வகை அக்காலத்தில் பழம்பாணி எனக் கருதப்பட்டது. இப்போது அதே மாதிரிகளில் அந்த வகைக்குத்தான் கூடுதல் விலை. ரசனை மாறியது பாதிக் காரணம் என்றால், ஹைட்ராலிக் பம்ப்பின் விலை மீதிக் காரணம்.

வடிவமைப்பிலேயே குறையிருந்த கார்களும் உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை. போர்ஷே 911இன் 996 தலைமுறையிலும் 997இன் முற்பகுதியிலும் உள்ள நீர்க்குளிர்ச்சி எஞ்சின்களில், கேம்ஷாஃப்ட்டுகளுக்கு விசையைக் கடத்தும் இடைநிலைத் தண்டு ஒன்று உண்டு. அதன் ஒரு முனையைத் தாங்கும் மூடிய பேரிங் உடைந்தால் துகள்கள் எண்ணெயில் கலந்து, எஞ்சின் முழுவதும் பாழாகும். இது குறித்து அமெரிக்காவில் உரிமையாளர்கள் கூட்டாகத் தொடுத்த வழக்கு 2013இல் சமரசத்தில் முடிந்தது. எல்லாக் கார்களிலும் இது நடப்பதில்லை. பெரும்பாலானவற்றில் நடப்பதே இல்லை. ஆனால் எந்தக் காரில் நடக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாததால், கிளட்ச் மாற்றும்போது கையோடு பேரிங்கையும் மாற்றிவிடுவது வழக்கமாகிவிட்டது. அதே தலைமுறையின் டர்போவிலும் ஜிடி3யிலும் பந்தய எஞ்சின் வழிவந்த வேறொரு எஞ்சின் இருப்பதால் அவற்றுக்கு இந்தச் சிக்கல் இல்லை. 2009 மாதிரியிலிருந்து வந்த புதிய எஞ்சினில் அந்தத் தண்டே நீக்கப்பட்டது. இந்தக் குறையின் நிழல் விழுந்ததால் 996 நெடுங்காலம் மலிவான 911 ஆகவே கிடந்தது.

மறுபக்கம் ஹோண்டா என்எஸ்எக்ஸ் நிற்கிறது. 1990இல் வந்த இந்தக் காரிலும் எஞ்சின் நடுவில்தான். உடல் முழுவதும் அலுமினியம். ஓட்டத்தில் ஃபெராரி 348க்குச் சவால் விட்டது. ஆயினும் அன்றாடம் ஓட்டக்கூடிய காராக அது வடிவமைக்கப்பட்டதால், நடு எஞ்சின் என்றாலே தொல்லை என்ற எண்ணத்தை உடைத்தது. இதிலும் டைமிங் பெல்ட் உண்டு, ஆனால் அதை மாற்ற எஞ்சினை இறக்க வேண்டியதில்லை. தொடக்க காலக் கியர்பாக்ஸில் பாகத்தை இடத்தில் பிடித்து நிறுத்தும் ஸ்னாப் ரிங் என்ற வளையம் உடையும் குறை இருந்தது என்பதைத் தவிர, பெரிய புகார்கள் இல்லை. இன்று இதன் உரிமையாளர்களின் கவலை வேறு. சுமார் 18,000 மட்டுமே தயாரான காருக்கு உதிரி பாகங்கள் ஒவ்வொன்றாக நின்றுபோகின்றன. விபத்தில் நசுங்கிய அலுமினிய உடலைச் சீர்செய்ய எல்லாப் பட்டறைகளாலும் முடியாது. பழுதாகாத காருக்கும் பாகம் தேவைப்படும் நாள் வரத்தான் செய்யும்.

பாகங்கள் கிடைப்பதில் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபாடு பெரிது. போர்ஷே தன் பழங்கார்களுக்கென்று தனிப் பிரிவை நடத்துகிறது. 292 மட்டுமே தயாரான 959 மாதிரியின் கிளட்ச் நெம்புகோலை முப்பரிமாண அச்சில் செய்து தருவதாக 2018இல் அறிவித்தது. சிறு எண்ணிக்கைக்கு வார்ப்பு அச்சு செய்வது கட்டுபடியாகாது என்பதால் இந்த வழி. ஆனால் எல்லா நிறுவனங்களுக்கும் அந்தப் பலம் இல்லை. பல முறை கைமாறியவையும் திவாலாகி மீண்டவையும் இவற்றில் பல.

சிறு நிறுவனங்கள் அன்றே செய்த சிக்கனம் இன்றைய உரிமையாளருக்குச் சில நேரம் உதவுகிறது. 1992இல் வந்த ஜாகுவார் எக்ஸ்ஜே220இன் பின்விளக்குகள் ரோவர் 200 என்ற சாதாரணக் காரினுடையவை. ஆஸ்டன் மார்ட்டின் விராஜின் பின்விளக்குகள் ஃபோக்ஸ்வாகன் சிராக்கோவினுடையவை. 1999இல் புதுப்பிக்கப்பட்ட லம்போர்கினி டியாப்லோவின் முகப்பு விளக்குகள் நிசான் 300இசட்எக்ஸிலிருந்து வந்தவை. டி டொமாசோ பன்டேராவின் எஞ்சினே ஃபோர்டின் 5.8 லிட்டர் வி8 என்பதால், அதன் இத்தாலிய உடல் துருப்பிடித்து அழுதாலும் எஞ்சின் பாகம் தட்டுப்பாடில்லாமல் கிடைக்கும். 1998இல் ஆடியின் கைக்குப் போனபின் லம்போர்கினி செய்த கலார்டோவுக்கும் ஆடி ஆர்8க்கும் இடையே பல பாகங்கள் பொது. எது எதனோடு பொருந்தும் என்ற இந்த அறிவு பெரும்பாலும் உரிமையாளர் சங்கங்களிலும், ஒரே நிறுவனத்தின் கார்களில் ஆயுளைக் கழித்த தனிப் பட்டறைக்காரர்களிடமும் தங்கியிருக்கிறது. பழைய மாதிரிகளைப் பொறுத்தவரை, அதிகாரபூர்வ சர்வீஸ் மையத்தின் இளம் மெக்கானிக்கைவிட, அந்தக் கார் புதிதாக வந்த காலத்தில் அதே மையத்தில் வேலை பார்த்துப் பிறகு தனிக்கடை வைத்தவரே நம்பகமானவராக இருப்பதுண்டு.

ஆகவே வாங்கும்போது கூடவே ஒரு கோப்பையும் வாங்குகிறோம் என்றுதான் எண்ண வேண்டும். எந்த ஆண்டில், எத்தனை கிலோமீட்டரில், எந்தப் பட்டறையில் எந்த வேலை நடந்தது என்பதற்கான ரசீதுகள் தொடர்ச்சியாக இருந்தால் அந்தக் காருக்குக் கூடுதலாகக் கொடுப்பது வீணல்ல. விற்பவருக்குத் தொடர்பில்லாத மெக்கானிக்கைக் கொண்டு, சிலிண்டர்களின் அழுத்தத்தையும் காற்றுக் கசிவையும் அளந்து பார்ப்பதும், சேஸிஸை அடியிலிருந்து பார்ப்பதும், எஞ்சின் முழுக்கக் குளிர்ந்திருக்கும்போது முதல் முறை கிளப்பச் சொல்லிக் கேட்பதும் என இவற்றுக்கு ஆகும் செலவு, பின்னால் வரக்கூடிய பில்லோடு ஒப்பிட்டால் அற்பம். நாம் போகும் முன்பே எஞ்சினைச் சூடாக்கி வைத்திருக்கும் விற்பனையாளரிடம் சற்று எச்சரிக்கையாக இருப்பது நல்லது. தேய்ந்த வால்வு கைடு வழியே எண்ணெய் கசிந்து எழும் நீலப் புகை குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பும் முதல் சில நொடிகளில்தான் நன்றாகத் தெரியும்.

மலிவான மாதிரிகளின் நிலை ஏன் மோசமாக இருக்கிறது என்பதற்கு ஒரு பொருளாதாரக் காரணம் உண்டு. எஃப்40இன் எஞ்சினை இறக்கிச் செய்யும் பெரிய சர்வீஸ், அந்தக் காரின் இன்றைய மதிப்பில் மிகச் சிறு விழுக்காடு; உரிமையாளர் தயங்காமல் செய்வார், ரசீது கோப்பில் சேரும், மதிப்பும் ஏறும். 1989இல் அறிமுகமான ஃபெராரி மொண்டியால் டியிலும் பெல்ட்டுக்காக எஞ்சினை இறக்கத்தான் வேண்டும். வேலையும் கூலியும் ஏறத்தாழ அதே வகை. ஆனால் ஃபெராரி வரிசையில் நெடுங்காலம் மலிவாக விற்ற மொண்டியாலுக்கு அந்தப் பில் காரின் மதிப்பில் கணிசமான பங்காகிவிடுகிறது. அதனால் ஓர் உரிமையாளர் தள்ளிப்போட்டு விற்கிறார். அடுத்தவர் விலை குறைவென்று வாங்கி, பில்லைக் கேட்டதும் தானும் தள்ளிப்போட்டு விற்கிறார். மூன்றாவது கைக்கு வரும்போது பெல்ட், கிளட்ச், டயர், குழாய்கள், சஸ்பென்ஷன் புஷ்கள் எல்லாம் ஒரே நேரத்தில் நிலுவையில் நிற்கின்றன. வாங்கிய விலையோடு அந்த நிலுவையையும் கூட்டிப் பார்த்தால், எல்லாம் முடித்து வைத்த இன்னொரு மொண்டியாலின் விலையை அது பெரும்பாலும் தாண்டியிருக்கும்.